உடைவில்லா நாட்கள்

எங்கள் சோதனைக் கூடத்தின் வேலை, பொருள்களை உடைத்துப் பார்ப்பது. அதன் பெருமை, ஏறக்குறைய நான்கு வருடங்களாக அங்கே ஒன்றும் உடையவில்லை என்பது. வெளியாட்களிடம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் சிரிக்கிறார்கள். உள்ளே இருக்கும் நாங்கள் சிரிப்பதில்லை. கூடத்து வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'உடைவில்லா நாட்கள்' என்று மேலே பெரிதாக எழுதி, கீழே எண் அட்டைகளை மாட்டக் கொக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் முதலில் வருபவர் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். நான்தான் எப்போதும் முதலில் வருவேன்.

பலகையைக் கொண்டுவந்தவர் இயக்குநர். வேறொரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகையைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததும் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"அவங்க விபத்தக் கொறச்சிருக்காங்க. நம்மகிட்ட விபத்தே இல்ல, அதனால கொறைக்க முடியாது. ஆனா உடைவு இருக்கு. போன மாசம் மட்டும் முந்நூத்தி பன்னெண்டு உடைவு. உறுதியான பிளாஸ்டிக் செய்யற நிலையத்துல ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு உடையுதுன்னா, வெளியில இருக்கறவன் நம்மள என்னன்னு நெனப்பான்?"

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் நாங்களே உடைத்தவை என்று எடுத்துச் சொன்னவர் அப்போதைய கூடத் தலைவர் ஒருவர்தான். அடுத்த வாரம் அவரைப் பூச்செடிப் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போதும் வாசலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். எங்களைப் பார்த்தால் குழாயை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

சோதனை எளிது. விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, நடுவில் ஒரு சின்ன வெட்டு. அதை இயந்திரத்தில் நிறுத்திவிட்டு, கனமான ஊசல் சுத்தியலை மேலிருந்து விட வேண்டும். நல்ல பட்டை சுத்தியலின் வேகத்தைப் பெரும்பாலும் தின்றுவிட்டுத்தான் உடையும். சுத்தியல் மறுபக்கம் களைத்துப்போய் ஏறும். மட்டமான பட்டையென்றால் சுத்தியல் அதைக் கண்டுகொள்ளாமலே தாண்டிப் போய்விடும். பட்டை எவ்வளவு தின்றது என்பதை ஒரு முள் காட்டும். உடைக்காமல் அந்த எண் கிடைக்காது.

பலகை வந்த முதல் வருடம், உடைப்பதற்கு அனுமதிப் படிவம் வந்தது. மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டாம் வருடம் சுத்தியலை மெதுவாக விடச் சொன்னார்கள். மூன்றாம் வருடம் 'மரியாதைத் தூரம்' என்ற விதி வந்தது. பட்டையை இயந்திரத்தில் வைக்கக் கூடாது. பக்கத்து மேசையில், பஞ்சு மெத்தையில் வைக்க வேண்டும். சுத்தியல் காற்றில் போய்க் காற்றில் வரும். நான் பட்டையைத் திரும்பிப் பார்ப்பேன். அது முழுசாக இருக்கும். 'உடையவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

அப்படி நான் கையெழுத்துப் போட்டவற்றில் ஒன்று நூற்று நாற்பதாம் பேட்ச். அதைச் செய்தவன் என் அண்ணன்.

அண்ணனை எல்லோரும் பால்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுடைய மூன்றாம் ரியாக்டரில் இருப்பது பார்ப்பதற்கு அசல் பால் மாதிரியே இருக்கும். தண்ணீரில் சோப்பு கலந்து, கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகளை அதில் மிதக்க விட்டிருப்பார்கள். அந்தப் பாலை அறுபத்தைந்து டிகிரியில் சுழலவிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்காக மாறப்போகிற திரவத்தை ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அது ஒவ்வோர் உருண்டையின் மேலும் தோல் போல ஒட்டி வளரும். பிறகு உப்புப் போட்டுப் பாலைத் திரியவைத்து, கழுவி, காயவைத்து, கெட்டிப் பிளாஸ்டிக்கோடு உருக்கிக் கலந்தால் ஹெல்மெட் செய்யலாம்.

எங்கள் அம்மா சட்டை தைக்கிறவள். அதனால் அண்ணன் எதையும் சட்டையில் வைத்துத்தான் சொல்வான்.

"ரப்பர் உருண்ட வெறும் ஒடம்போட போய் நின்னா, கெட்டி பிளாஸ்டிக் பக்கத்துலயே சேக்காது. அதே பிளாஸ்டிக்ல ஒரு சட்ட தச்சுப் போட்டு அனுப்பு, சொந்தக்காரன்னு நெனச்சு உள்ள விட்டுரும். அப்புறம் எங்கயாவது விரிசல் விழுந்து ஓடி வந்தா, உள்ள இருக்கற ரப்பர் காலப் புடிச்சு நிறுத்திரும்."

"அவசரமா தச்சா?"

"சட்ட ஒரு பக்கம் நிக்கும், ஆளு ஒரு பக்கம் நிப்பான்."

நூற்று நாற்பது அவசரமாகத்தான் தைக்கப்பட்டது. அது நிலையத்தின் 'வேக வாரம்'. எந்தப் பிரிவு தன் வேலையைப் பாதி நேரத்தில் முடிக்கிறதோ அதற்குக் கோப்பை. ஆறு மணி நேரச் சொட்டை மூன்று மணி நேரமாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணன் செய்தான். செய்துவிட்டு, பதிவேட்டில் 'வேகம் அதிகம், சட்டை ஒட்டவில்லை' என்று எழுதிவைத்தான். தர அதிகாரி அதைச் சிவப்பு மையில் அடித்து, 'பதிவேட்டில் உடை பற்றிய கருத்துகளைத் தவிர்க்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இந்தத் தர அதிகாரிக்குச் சீல் சார் என்று பெயர். ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். நெஞ்சுக்கு நேராக வட்டமாக மை ஊறி, பழைய காயம் மாதிரி இருக்கும்.

அன்று மாதிரிப் பட்டைகளை அண்ணனே கூடத்து ஜன்னலுக்குக் கொண்டுவந்தான்.

"வாலு, இத நெஜமாவே ஒடச்சுப் பாரேன்."

"போர்டு இருக்குடா."

"ஒண்ணே ஒண்ணு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அனுமதிப் படிவம் வாங்கிட்டு வா. மூணு கையெழுத்து."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் போனான். நான் பட்டையை மெத்தையில் வைத்தேன், சுத்தியலைக் காற்றில் விட்டேன், எழுதினேன்.

நூற்று நாற்பதிலிருந்து ஆயிரத்து இருநூறு ஹெல்மெட் வந்தது. அத்தனையும் கட்டட வேலைக்காரர்களுக்குப் போக வேண்டியவை. முதல் பன்னிரண்டை, கோப்பை வாங்கிய ரியாக்டர் பிரிவுக்கே மேடையில் வைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒன்பதாவது நாள், காலை பதினொன்றே முக்காலுக்கு, மேல்தளத்தில் குழாய் திருகிக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. ஒன்றரைக் கிலோ. ஒரு மாடி உயரம். நல்ல ஹெல்மெட்டாக இருந்திருந்தால் அண்ணன் அன்று தலையைத் தடவிக்கொண்டு, மேலே இருந்தவரைத் திட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பான்.

அவனை அடக்கம் செய்த மூன்றாம் நாள் விசாரணை. ஹெல்மெட்டை ஒரு துணிப்பையில் போட்டு நான்தான் எடுத்துப் போனேன். சீல் சார் பையை மேசையில் கொட்டினார்.

"இது என்னம்மா?"

"அண்ணனோட ஹெல்மெட் சார்."

"ஹெல்மெட்னா ஒண்ணு இருக்கணும். இங்க ஏழு இருக்கு."

"ஒடஞ்சு ஏழாச்சு சார்."

அவர் ஒவ்வொரு துண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவசரப்படவில்லை. இறந்தவனுக்கு மரியாதை கொடுக்கிற மாதிரியே இருந்தது.

"இது ஒடஞ்சிருக்கா? இல்ல. இது? இதுவும் இல்ல. ஏழு பொருள் கொண்டு வந்திருக்கீங்க, ஏழும் முழுசா இருக்கு."

"சேத்து வச்சுப் பாருங்க சார்."

"சேத்து வக்கிறது உற்பத்திப் பிரிவு வேல. நான் தரப் பிரிவு." பிறகு கோப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "நூத்தி நாப்பது உடையலன்னு சோதனைக் கூடம் எழுதியிருக்கு. இது யாரு கையெழுத்து?"

என் கையெழுத்து. 'வா'வுக்கு மேல் ஒரு சுழி போடுவேன். அது அங்கே குதித்துக்கொண்டிருந்தது.

"நீங்க எழுதினத நாங்க நம்பறோம்மா," என்றார் சீல் சார், ரொம்பக் கனிவாக. "நீங்களே உங்கள நம்பாட்டி எப்படி?"

விசாரணை முடிவு அன்று மதியமே வந்தது. விழுந்த பொருளைத் தலைக்கவசம் தடுத்திருக்க வேண்டும், ஆகவே தடுத்தது, ஆகவே மரணம் நிகழ்ந்ததற்கு முகாந்திரம் இல்லை. கீழே வட்ட முத்திரை.

அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"மண்ணப் போட்டு மூடிட்டு வந்தோமே, அது முகாந்திரம் இல்லையாமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கும்மா."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்டி. எம்புள்ள செத்துட்டான்னு ஒரு வரி. அவங்க எடத்துல செத்தான், அவங்க வாயால அத சொல்லணும். ஊராபீசுல என்ன சொன்னான்? வேல செஞ்ச எடத்துல இருந்து கடுதாசி வந்தாத்தான் சாவ எழுதுவேன்னான். அது வரைக்கும் எம்புள்ள யாரு?"

யார் என்பதற்கு வருகைப் பதிவு இயந்திரத்திடம் பதில் இருந்தது. அண்ணன் அன்று காலை எட்டுப் பத்துக்கு அட்டையைத் தேய்த்து உள்ளே வந்திருக்கிறான். வெளியே போகும்போது தேய்க்கவில்லை. அவனைத் தூக்கிப் போனவர்களுக்கு அது தோன்றவில்லை. விடுப்பு எழுதிக் கொடுக்கவில்லை. இறந்ததற்கு முகாந்திரமும் இல்லை. எனவே அவன் பணியில் இருந்தான். ஒவ்வொரு நாளும் அவன் பெயருக்கு நேரே 'உள்ளே' என்று பச்சையாக எரிந்தது. இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. தொடர்ந்து வெளியேறாமல் பணியாற்றிவரும் அர்ப்பணிப்பை நிர்வாகம் கவனித்துவருவதாகவும், இருந்தாலும் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார்கள்.

அவன் பணியில்தான் இருக்கிறானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது அந்த நாட்களில்தான். தினமும் பத்து மணிக்கு ஜன்னல் வழியாக மாதிரிப் புட்டி வரும். அதில் அண்ணன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். 'வாலு, 151. நுரை பாத்து ஊத்து.' 'வாலு, 152. சாப்ட்டியா.' அவன் சோம்பேறி. ஒரே நாளில் உட்கார்ந்து இரண்டு மாதத்துக்கு வேண்டிய சீட்டுகளைச் சுருளாக எழுதிவைத்துவிடுவான். மாற்றி எழுத யாருக்கும் உத்தரவு வரவில்லை. காரணம் தெரியும். தெரிந்தும், புட்டி ஜன்னலில் வந்து உட்காரும் 'டொக்' சத்தத்துக்கு நான் நிமிர்ந்து பார்ப்பேன். பட்டப்பகல் வெயில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். புட்டி மட்டும் சூடாக இருக்கும்.

புட்டியை வைத்துவிட்டுப் போவது அண்ணனின் துணையாள். எங்களுக்கெல்லாம் அவர் கிளறி. அவர் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். ஒருநாள் நான் வழிமறித்தேன்.

"ஏண்ணே ஓடறீங்க?"

"ஓடல தங்கச்சி. மூணாவது ரியாக்டரத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன்." கொஞ்சம் தயங்கினார். "தனியான்னும் சொல்ல முடியல. நான் குழாயத் தொடறதுக்கு முன்னாடியே சூடு அறுபத்தஞ்சுல வந்து நிக்குது. முன்னெல்லாம் நான் பாத்தா அறுபத்தெட்டுக்கு ஓடிரும். அவன் வந்துதான் கொறைப்பான்."

"பயமா இருக்கா?"

"அவன் மேல என்ன பயம்? இத வச்சுக்கிட்டு நடக்கத்தான் பயமா இருக்கு."

கையில் பரிசு ஹெல்மெட். ரியாக்டர் கூடத்தில் மீதிப் பதினொரு பேரும் அதைத் தலையில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே வேலை செய்தார்கள். தலைக்கவசம் உடன் இருக்க வேண்டும் என்றுதான் விதியில் எழுதியிருந்தது.

சீட்டுச் சுருள் தீர்ந்த அன்று, புட்டி வெறுமையாக வந்தது. எண்கூட இல்லை. நான் கதவைச் சாத்தினேன். பழைய அலமாரியில் நூற்று நாற்பதின் மீதிப் பட்டைகள் ஐந்து இருந்தன. ஒன்றை எடுத்து, மெத்தையைத் தள்ளிவிட்டு, இயந்திரத்தில் நிறுத்தினேன். என் கை பழக்கத்தில் அதை மறுபடி மெத்தைக்குத் தூக்கியது. இரண்டாம் தடவைதான் நிறுத்த முடிந்தது. சுத்தியலை விட்டேன்.

சத்தமே பெரிதாக இல்லை. சிலேட்டுக் குச்சியை ஒடித்த மாதிரி ஒரு 'டிக்'. இருபது காட்ட வேண்டிய முள் இரண்டே முக்காலில் நின்றது. ஐந்தையும் உடைத்தேன். மூன்றைத் தாண்டவில்லை. அன்று ஜன்னலில் நின்று அவன் என்னிடம் கேட்டது இந்த 'டிக்'கைத்தான். ஒண்ணே ஒண்ணு என்றுதான் கேட்டான்.

ஐந்து எண்களையும் எழுதி, துண்டுகளோடு சீல் சார் மேசையில் வைத்தேன். கிடங்கில் இருக்கும் ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டும் போகக் கூடாது என்றேன். அவருக்கு வியர்த்துவிட்டது.

"ஒடச்சிட்டீங்களா?"

"ஆமா சார்."

"அஞ்சா? போர்டு ஆயிரத்து நானூத்தி அறுபதுல இருக்கும்மா. நாளன்னைக்கு விழா. வெளிய இருந்தெல்லாம் வர்றாங்க."

அரை மணி நேரம் இயக்குநரோடு கதவடைத்துப் பேசிவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அனுமதிப் படிவம் வாங்கினீங்களா?"

"இல்ல சார்."

"அப்பாடா. அனுமதி இல்லாம ஒடஞ்சது உடைவுக் கணக்குல வராது. ஒண்ணும் ஆகல, போங்க." துண்டுகளை ஒரு உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, 'பத்து முழுப் பொருள்கள்' என்று எழுதிக்கொண்டார்.

விழாவில் இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். "இந்த நிலையத்துல உடையறதுங்கற வார்த்தையே வழக்கொழிஞ்சு போச்சு. புதுசா வர்ற பசங்களுக்கு அதுக்கு அர்த்தமே தெரியாது. நாங்க தெரியவிடல. எங்க பொருள் எவ்வளவு உறுதின்னு எங்களுக்கே தெரியாது, அவ்வளவு உறுதி." எல்லோரும் கைதட்டினார்கள். கிளறியும் தட்டினார், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

அடுத்த வாரம் லாரி வந்து நின்றது. ஹெல்மெட்டுகளை ஏற்ற ஒரே ஒரு படிவம் பாக்கி. 'தயாரித்தவர் ஒப்பம்.' பேட்ச்சைச் செய்தவர்தான் போட வேண்டும், வேறு யாரும் போடக் கூடாது. அவர் இறந்திருந்தால் மட்டும் துணையாள் போடலாம். சீல் சார் படிவத்தோடு சோதனைக் கூடத்துக்கு வந்தார். ஜன்னல் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"உங்க அண்ணன் ஒரு கையெழுத்துப் போடணும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"பணியிலதான இருக்கார்," என்றார். "நாங்க கேட்டாக் கெடைக்க மாட்டேங்கறார். நீங்க வீட்டு மனுஷி. கேட்டு வாங்கிட்டு வந்துருங்க. அவர் எப்படிப் போடுவார்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?"

தெரியும். பள்ளிக்கூடத்தில் அவனுடைய மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தையே போட்டுக் கொடுத்தவள் நான். சீல் சாருக்கு அது தெரியாது. ஆனால் அவர் கேட்பது அப்படி ஒரு கையெழுத்தைத்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இத அவன்கிட்டக் கேட்டா என்ன சொல்வான்?"

"போட மாட்டான்."

"அப்ப அத எழுது."

"எதம்மா?"

"போட மாட்டேன்னு சொல்லிட்டான்னு எழுதுடி. கேட்டுட்டு வரச் சொன்னாங்க. கேட்டாச்சு. பதில் சொல்லணுமில்ல?"

'தயாரித்தவர் மறுக்கிறார். காரணம்: சட்டை ஒட்டவில்லை' என்று எழுதினேன். 'கேட்டுச் சொன்னவர்' என்று போட்டு, கீழே என் கையெழுத்து.

நிலையத்தில் அன்று மாலை வரை கூட்டம் நடந்தது. பால்காரன் இறந்துவிட்டான் என்று எழுதினால் எப்படி இறந்தான் என்று எழுத வேண்டும். எழுதினால் ஹெல்மெட் உடைந்தது. உடைந்தால் பலகை பூஜ்யம். இறக்கவில்லை என்றால் அவன் மறுத்தது மறுத்ததுதான். பணியில் இருப்பவரின் மறுப்பை மீற விதியில் இடமில்லை. ஆகவே அவன் மனத்தை மாற்றுவது என்று ஏகமனதாக முடிவானது.

முதலில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிறகு சமாதானக் கடிதம். பிறகு பதவி உயர்வு. முதுநிலைப் பால் அலுவலர் என்று ஒரு பதவியைப் புதிதாக உண்டாக்கி, மூன்றாம் ரியாக்டர் பக்கத்தில் சாய்வு நாற்காலி ஒன்றும் போட்டார்கள். யாரும் அதில் உட்காரவில்லை. சில நாள் காலையில் அதன் இருக்கை அமுங்கி இருப்பதாகக் கிளறி சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். அமுங்கித்தான் இருந்தது. புது ரெக்சின், வெயிலில் அப்படி ஆகும் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம்.

கடைசியாக இயக்குநரே நேரில் வந்து பேசுவதாக ஏற்பாடு. ரியாக்டர் கூடத்துக்குள் ஹெல்மெட் இல்லாமல் போகக் கூடாது. வாசலில் கிளறி ஒரு பரிசு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நீட்டினார். இயக்குநர் வாங்கினார். உள்பக்கத்தைப் பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அண்ணாந்து மேல்தளத்தைப் பார்த்தார்.

"நான் இங்கருந்தே பேசறேன்," என்றார்.

வாசல்படியில் நின்றபடி நாற்காலியைப் பார்த்துப் பேசினார். "தம்பி, நீங்க ஒரு பொறுப்பான தொழிலாளி. நிலையத்தோட நிலைமையப் புரிஞ்சுக்கணும். ஒருத்தர் ரெண்டு பேருக்கு ஏதாவது ஆகுதுன்னு பாத்தா நாம எதையுமே அனுப்ப முடியாது. ஆனது ஆயிப்போச்சு. உங்களுக்கு ஆனதுக்கு அப்புறமும் நீங்க நல்லாத்தான வேல பாக்கறீங்க?"

ரியாக்டரின் சுழல் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. இயக்குநர் கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். பிறகு பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு கடிதம், முத்திரையோடு தயாராக இருந்தது. இயக்குநர் அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்கம்மா ஒரு வரி கேட்டுக்கிட்டே இருக்காங்களாமே. எழுதியாச்சு. காலமானார்னு தெளிவா போட்டிருக்கு. ஊராபீசுல குடுத்துக்கலாம். இதுல ரசீதுல மட்டும் அம்மாவ ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

படித்தேன். 'கடுமையான தலைவலியின் காரணமாகத் தமது இல்லத்தில் காலமானார்.'

வெளியே கிளறி நின்றிருந்தார். கையில் தயாரித்தவர் ஒப்பப் படிவம்.

"அம்மா ரசீதுல போட்டதும் நான் இதுல போடணுமாம் தங்கச்சி," என்றார் தரையைப் பார்த்து. "போடலன்னா செடிக்குத் தண்ணி ஊத்தப் போகணும். எனக்கு ரெண்டு பொண்ணு."

"நீங்க என்னண்ணே செய்வீங்க."

"வேண்டாம்னு அவங்க சொன்னா நல்லாருக்கும்," என்றார். "ஆனா பெத்தவகிட்ட அதக் கேக்க எனக்கு வாய் இல்ல."

எனக்கும் இல்லை. வீட்டில் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். அம்மா இயந்திரத்தை நிறுத்தினாள். அண்ணன் போனதிலிருந்து அது பகலில் நின்று நான் பார்த்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'காலமானார்' என்ற இடத்தில் விரல் நின்றது. அதன் மேலேயே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள், துணியில் நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பிறகு விரல் பின்னால் நகர்ந்தது.

"தலவலின்னு போட்டிருக்கான்."

"ஆமாம்மா."

"இத வாங்கிக்கிட்டா எத்தன பேருக்குத் தலவலி வரும்?"

"ஆயிரத்து நூத்தி எம்பத்தெட்டு பேருக்கு."

"வாங்கலன்னா?"

"அவன் செத்ததா ஆகாது. எப்பவும் ஆகாதும்மா. தெனம் உள்ளன்னு எரியும். கடுதாசி வந்துக்கிட்டே இருக்கும். ஊராபீசுலயும் எழுத மாட்டாங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து துடைத்தாள்.

"அவன் எங்கன்னு கேட்டா," என்றாள் கடைசியில், "வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லு."

கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தாள். ஊசிக்குக் கீழே துணி இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

காலையில் கடிதத்தை இயக்குநர் மேசையில் திருப்பி வைத்தேன். ரசீது வெறுமையாக இருப்பதைச் சீல் சார் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே லாரி காலியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. ஹெல்மெட்டுகள் கிடங்கில் இருந்தன.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்றார் இயக்குநர்.

"அவன் வேலைக்குப் போயிருக்கான்னு சொன்னாங்க சார்."

இயக்குநர் சீல் சாரை வெளியே இருக்கும்படி கையைக் காட்டினார். கதவு சாத்தியதும் எழுந்து வந்து, ரியாக்டர் கூடம் இருக்கும் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி, அந்தச் சுவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் எம்மேல கோவமா இருக்காரா?"

"உங்க மேல இல்ல சார்," என்றேன். "உடையலன்னு கையெழுத்துப் போட்டவங்க மேலதான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. யார் அது என்று அவர் கேட்கவே இல்லை.